ஹாம் ரேடியோ போட்டிகளும் அச்சு இதழ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோவில் போட்டி என்றால் என்ன?

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு. அவர்களை ஹாம்கள் அல்லது அமெச்சூர்கள் என்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை நிலையங்களைத் தொடர்புகொள்ள முடியும் என்று பார்ப்பதுதான் போட்டி. ஒருவர் அழைக்கிறார், இன்னொருவர் பதில் தருகிறார். இருவரும் கால்சைனையும் (நிலையத்தின் அடையாளக் குறியீடு) ஒரு சிறு தகவலையும் பரிமாறிக்கொள்கிறார்கள், லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) எழுதுகிறார்கள், அடுத்த ஆளைத் தேடிப் போகிறார்கள். சிக்யூ வேர்ல்டு வைடு போட்டியை எடுத்துக்கொண்டால், பரிமாற்றம் சிக்னல் அறிக்கையும் (எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது) மண்டல எண்ணும் (உலகத்தை 40 துண்டாகப் பிரித்ததில் தன் பகுதியின் எண்) மட்டும்தான். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் இதை 48 மணி நேரம் செய்ய வேண்டும்.

மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. மைதானம் இல்லை, பார்வையாளர் இல்லை, நடுவர் இல்லை. எதிராளி எத்தனை எடுத்தார் என்று போட்டி நடக்கும்போது தெரியாது. ஒவ்வொருவரும் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். இத்தனை பேரும் ஒரே ஆட்டத்தில்தான் இருந்தார்கள் என்பதை யாராவது எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தால்தான் அது போட்டி ஆகும். பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தது அச்சு இதழ். இதழ் போட்டியைப் பற்றிய செய்தியைத் தந்ததோடு நிற்கவில்லை, போட்டியின் ஓர் உறுப்பாகவே இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

இது எப்போது தொடங்கியது?

அமெரிக்க ஹாம்களின் சங்கமான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் 1914-இல் உருவானது. அதன் இதழான 'க்யூஎஸ்டி' 1915 டிசம்பரில் வந்தது. முதல் உலகப் போரால் 1917-இல் நின்று, 1919-இல் மீண்டும் எழுந்தது.

அதன்பின் வந்த அட்லாண்டிக் சோதனைகளில்தான் போட்டியின் விதையைப் பார்க்கிறேன். அமெரிக்க அமெச்சூர்களின் குறைந்த சக்தி சிக்னல் கடலைத் தாண்டி ஐரோப்பாவில் கேட்குமா? 1921 தொடக்கத்தில் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பால் காட்லி என்பவரை ரிசீவருடன் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பினார்கள். குளிரிலும் மழையிலும் கூடாரத்தில் உட்கார்ந்து அவர் கேட்டார். கனெக்டிகட்டிலிருந்து ஒலித்த 1பிசிஜி உட்படப் பல அமெரிக்க நிலையங்கள் அவர் காதில் விழுந்தன. 1923 நவம்பரில் பிரான்ஸின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் இருவழித் தொடர்பே கொண்டுவிட்டார்கள்.

இதில் இதழின் பங்கைக் கவனியுங்கள். யார் எப்போது அனுப்ப வேண்டும் என்ற கால அட்டவணை முன்கூட்டியே அச்சாக வேண்டும். யார் சிக்னல் கேட்டது என்ற பட்டியல் பிறகு அச்சாக வேண்டும். முதலில் விதி, நடுவில் காற்றலையில் நிகழ்வு, கடைசியில் பட்டியல். பின்னாளில் வந்த எல்லாப் போட்டிகளும் இந்த அச்சில் வார்த்தவைதான். 1927-இல் லீக் நடத்திய சர்வதேச ரிலே பார்ட்டி, 1930-இல் ஸ்வீப்ஸ்டேக்ஸ், 1933 ஜூனில் ஃபீல்டு டே என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இதழ்கள் போட்டியை அறிவித்தது மட்டும்தானே? "போட்டியின் உறுப்பு" என்பது மிகை அல்லவா?

மிகை இல்லை. போட்டியில் நாம் எதை எண்ணுகிறோம் என்பதையே இதழ்கள்தான் தீர்மானித்தன.

இன்று "எத்தனை நாடு பிடித்தாய்?" என்று சாதாரணமாகக் கேட்கிறோம். எது நாடு? தாய்நாட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் தீவு தனி நாடா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடையைத் தந்தது 1935 அக்டோபர் க்யூஎஸ்டியில் கிளின்டன் டிசோட்டோ எழுதிய கட்டுரை. தொடர்புகொண்ட நாடுகளை எப்படி எண்ணுவது என்பதுதான் அதன் பொருள். அதன் அடிப்படையில், 100 நாடுகளைத் தொடர்புகொண்டவருக்கான டிஎக்ஸ்சிசி விருது 1937-இல் பிறந்தது. ஓர் இதழின் சில பக்கங்களில் எழுதப்பட்ட கொள்கை, இன்றும் உலகப் போட்டிகளின் பெருக்கெண் (தொடர்புப் புள்ளிகளைப் பெருக்கும் எண்) பட்டியலுக்கு அடித்தளமாக இருக்கிறது.

மண்டலங்களும் அப்படித்தான். உலகத்தை 40 துண்டுகளாகப் பிரித்த அந்த வரைபடத்தை எந்த அரசும் போடவில்லை, எந்தச் சர்வதேச அமைப்பும் போடவில்லை. அது ஹாம்களின் இதழ் உலகத்தில் உருவானது. 'சிக்யூ' இதழ் அதைத் தன் விருதுக்கும் தன் போட்டிக்கும் அளவுகோலாக்கிக்கொண்டது. போட்டியில் ஒருவர் தன் மண்டல எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஓர் இதழ் வகுத்த எல்லைக்கோட்டைத்தான் சொல்கிறார்.

சிக்யூ இதழின் கதை என்ன?

சிக்யூ 1945 ஜனவரியில் தொடங்கியது. அந்தத் தேதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெச்சூர்கள் ஒலிபரப்பக் கூடாது என்று தடை வந்தது. காற்றலை திரும்பத் திறக்கத் தொடங்கியது 1945 ஆகஸ்டில்தான். ஆக, வாசகர் ஒருவர்கூடச் சட்டப்படி "சிக்யூ" (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) என்று அழைக்க முடியாத காலத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்திருக்கிறது! காற்றலை மூடிக்கிடந்தபோது அந்தச் சமூகம் தாளில் உயிரோடு இருந்தது. எனக்கு இந்த ஒரு செய்தியே போதும், இதழ்கள் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல.

1948-இல் சிக்யூ தன் உலகப் போட்டியை நடத்தியது. அது வளர்ந்து இன்று உலகின் மிகப் பெரிய ஹாம் போட்டியாக நிற்கிறது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரல், நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸ். கால்சைன்களின் முன்னெழுத்துகளைப் பெருக்கெண்ணாகக் கொண்ட டபிள்யூபிஎக்ஸ் போட்டி 1957-இல் சேர்ந்தது. வரவிருக்கும் போட்டிகளின் நாட்காட்டியை ஃபிராங்க் அன்சலோன் (கால்சைன் டபிள்யூ1டபிள்யூஒய்) மிக நீண்ட காலம் அந்த இதழில் எழுதிவந்தார். உலகெங்கும் யார் எந்த வார இறுதியில் என்ன போட்டி நடத்துகிறார்கள், லாகை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். ஒரு சிறிய நாட்டின் கழகம் நடத்தும் போட்டிக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள் என்றால், அந்தப் பத்தியில் இடம் கிடைத்தது பெரிய காரணம்.

அச்சுக் காலத்தில் ஒரு போட்டி எப்படி நடந்தது? லாகை யார் சரிபார்த்தார்கள்?

இதழ் வெளிவர இரண்டு மாதத்துக்கு முன்பே விஷயம் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதனால் விதிகளை மிக முன்னதாகவே முடிவு செய்தார்கள், ஆண்டுக்கு ஆண்டு அவசரமாக மாற்றவில்லை. போட்டிகளின் விதிகள் இத்தனை நிலையாக இருந்ததற்கு அச்சகத்தின் கெடு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

போட்டி நேரத்தில் பென்சிலும் தாளும்தான். ஒரே நிலையத்தை ஒரே பேண்டில் (அலைவரிசைத் தொகுப்பில்) இருமுறை எடுத்துவிடக் கூடாது. அதற்காக 'ட்யூப் ஷீட்' என்ற கட்டம் போட்ட தாள் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு தொடர்பும் முடிந்ததும் கால்சைனை அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். நிமிடத்துக்கு மூன்று பேர் வரும்போது இடது கை ஒன்றும் வலது கை ஒன்றுமாக வேலை செய்யும். முடிந்ததும் அதையெல்லாம் சுத்தமாக எழுதி, கூட்டிப் பெருக்கி, சுருக்கத் தாளில் கையெழுத்திட்டு, கனமான உறையில் போட்டு அனுப்ப வேண்டும். குரல் போட்டிக்கு டிசம்பர் 1, மோர்ஸுக்கு ஜனவரி 15 என்று தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தார்கள்.

அந்த உறைகளைப் பிரித்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். போட்டியில் தாங்களே பல ஆண்டு ஊறிய தன்னார்வலர்கள். சமையலறை மேசையில் லாகுகளைப் பரப்பி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு கண்ணால் ஒப்பிட்டார்கள். தவறான கால்சைனுக்கும் குறிக்காமல் விட்ட இரட்டைத் தொடர்புக்கும் தண்டனை உண்டு. சிக்யூ போட்டியில் அந்தத் தொடர்போடு சேர்த்து மேலும் மூன்று தொடர்புகளின் புள்ளிகள் போய்விடும். இதழ் முகவரியையும் தபால் செலவையும் சான்றிதழையும் பக்கங்களையும் தந்தது. மீதியை இவர்கள் தந்தார்கள்.

முடிவு வரும்வரை எவ்வளவு காத்திருந்தார்கள்?

பத்து மாதம் வரை ஆகும். அக்டோபரில் ஆடிய ஆட்டத்தின் முடிவை அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் பார்க்கலாம்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் போட்டி முடிந்ததும் 80 மீட்டர் பேண்டில் 3830 கிலோஹெர்ட்ஸில் கூடி "நீ எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆனால் அது வெறும் வாய்ச்சொல். லாகைச் சரிபார்த்து அச்சில் வந்த எண்தான் எண்.

அந்தக் காத்திருப்பு ஒரு குறையாக மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. முடிவு வந்த இதழ் கைக்குக் கிடைக்கும் மாதத்தில், அடுத்த போட்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும். போன தடவை எங்கே கோட்டை விட்டோம் என்று பட்டியலில் பார்த்து, ஆன்டெனாவை மாற்ற இன்னும் சில வாரம் இருக்கும். கடந்த ஆண்டு முடியும் இடத்தில் இந்த ஆண்டு தொடங்கும். என் கால்சைனை முதன்முதலாகப் பொடி எழுத்தில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தேன். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில் படிக்க என்ன இருக்கிறது? வெறும் எண்கள்தானே?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டியில் நான் கற்றதில் பாதி அந்த எண்களிலிருந்து வந்தது.

ஒவ்வொரு வரியிலும் கால்சைன், மொத்தப் புள்ளி, தொடர்புகள், மண்டலங்கள், நாடுகள் என்று இருக்கும். முன்னணி நிலையங்களுக்குப் பேண்டு வாரியாகப் பிரித்த அட்டவணையும் தனியாக வரும். சிக்யூ போட்டியில் வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி. எல்லாப் பேண்டுகளிலும் பிடித்த மண்டலங்களையும் நாடுகளையும் கூட்டி, தொடர்புப் புள்ளிகளோடு பெருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் வேறு கண்டங்களில் 1000 தொடர்பு எடுத்தார் என்றால் 3000 புள்ளி. மண்டலம் 100, நாடு 300 என்றால் பெருக்கெண் 400. மொத்தம் 12 லட்சம். இப்போது அவருக்குக் கடைசி நிமிடம் கையில் இருக்கிறது. இன்னொரு சாதாரணத் தொடர்பு எடுத்தால் 1200 புள்ளி கூடும். புதிதாக ஒரு நாட்டைப் பிடித்தால் பெருக்கெண் மட்டுமே 3000 புள்ளி கூட்டும். ஆக, ஒரு புது நாடு இரண்டரைத் தொடர்புக்குச் சமம். அதைத் தேடுவதில் நான்கு தொடர்புக்கான நேரம் போகும் என்றால் தேடக் கூடாது. இந்த முடிவைப் போட்டி முழுக்க நொடிக்கு நொடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே பகுதியைச் சேர்ந்த இரண்டு நிலையங்களின் வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்குத் தொடர்பு அதிகம், பெருக்கெண் குறைவு. இன்னொருவருக்குத் தலைகீழ். முதலாமவர் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்து அழைத்துக்கொண்டே இருந்தவர். இரண்டாமவர் தேடி அலைந்தவர். தாழ்ந்த பேண்டுகளில் ஒருவருக்கு மட்டும் நாடுகள் கூடியிருந்தால், அவருடைய 80 மீட்டர் ஆன்டெனாவில் ஏதோ இருக்கிறது, அல்லது அவர் இரவில் தூங்கவில்லை. முகம் தெரியாத ஒருவரின் இரண்டு நாளை நான்கு எண்களிலிருந்து படித்துவிடலாம்.

பத்தாண்டு இதழ்களைச் சேர்த்து வைத்தால் இன்னொன்றும் தெரியும். 10 மீட்டர் பேண்டின் எண்கள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சூரியப் புள்ளிகளின் சுழற்சி அது. 1957-58 வாக்கில் வந்த உச்சம்தான் பதிவுகளிலேயே மிக உயர்ந்தது. யாரும் அறிவியல் ஆவணமாக நினைத்து அச்சிடாத பட்டியல், அயனி மண்டலத்தின் (ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கின்) நாட்குறிப்பாகவும் இருக்கிறது.

போட்டிக்கென்றே தனி இதழ் உண்டா?

உண்டு. 'நேஷனல் கான்டெஸ்ட் ஜர்னல்' 1973-இல் தொடங்கியது, பிறகு லீக்கின் வெளியீடாயிற்று. பொது இதழ்களில் இடம் கிடைக்காத அளவு நுணுக்கமான விஷயங்களை எழுத அது இடம் கொடுத்தது.

எனக்கு அதில் பிடித்தது அது புதிய போட்டி வடிவங்களை வளர்த்தது. ஸ்பிரின்ட் போட்டியைச் சொல்கிறேன். நான்கே மணி நேரம். அழைத்து ஒரு தொடர்பு முடித்தவர் அந்த அலைவரிசையை மற்றவரிடம் விட்டுவிட்டு நகர வேண்டும். பெரிய ஆன்டெனாக்காரர் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. நிலையத்தின் பலத்தைவிட ஆளின் திறமை முன்னுக்கு வருகிறது. அதே இதழின் ஆதரவில் நடக்கும் நார்த் அமெரிக்கன் க்யூஎஸ்ஓ (தொடர்பு) பார்ட்டி என்ற போட்டியில் சக்தி 100 வாட்டுக்கு மேல் கூடாது, பரிமாற்றத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பெரிய அமைப்புகள் எளிதில் துணியாது. சிறிய இதழும் அதன் வாசகர்களும் துணிந்தார்கள்.

அமெரிக்க இதழ்கள் மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனின் ஹாம் சங்கமான ஆர்எஸ்ஜிபி 1925 முதல் தன் இதழை நடத்துகிறது. இன்று அதன் பெயர் 'ராட்காம்'. 1932-இல் பிறந்த 'ப்ராக்டிகல் வயர்லெஸ்' 144 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைந்த சக்திக்கான போட்டி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்திவந்திருக்கிறது. கையில் தூக்கிப்போகும் சிறு ரேடியோவோடு மலை ஏறுபவர்களுக்கு ஏற்ற போட்டி அது. ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் தத்தம் மொழியில், தத்தம் சங்க இதழ்களில் போட்டிப் பக்கங்களை வளர்த்தன.

அச்சுக் காலத்தில் குறைகளே இல்லையா?

நிறைய. கண்ணால் சரிபார்த்ததில் பல தவறுகள் தப்பின. இதழை வாங்க வசதியில்லாத நாட்டுக்காரர் தன் முடிவை அறியவே இன்னொருவரை நம்பியிருந்தார். வெளிநாட்டுத் தபால் தாமதத்தில் கெடு தவறிய லாகுகள் உண்டு. யார் படம் வரும், யார் கதை வரும் என்பது ஆசிரியர் கையில் இருந்தது. இன்றைய முறையில் இவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டன, அது நல்லதுதான்.

கணினி வந்தபின் என்ன மாறியது?

1980களின் நடுவில் கென் வுல்ஃப், கே1இஏ, எழுதிய 'சிடி' என்ற லாகிங் மென்பொருள் ட்யூப் ஷீட்டை ஒழித்தது. 1999-இல் ட்ரே கார்லோ, என்5கேஓ, உருவாக்கிய கப்ரில்லோ வடிவம் எல்லா லாகுகளையும் ஒரே மாதிரி ஆக்கியது. அதன்பின் ஆயிரக்கணக்கான லாகுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இயந்திரத்தின் வேலை. தபால் முத்திரைக்குப் பதிலாக, சிக்யூ போட்டி முடிந்து ஐந்தே நாளில் லாக் போய்ச் சேர வேண்டும்.

பட்டியல்கள் இணையத்துக்குப் போனபோது இதழ்களில் சுருக்கம் மட்டும் மிஞ்சியது. தாள் செலவைப் பார்த்தால் அது நியாயம். ஆனால் முழுப் பட்டியல் இதழில் இருந்தபோது, தன் வரியைத் தேடியவர் மற்றவர் வரிகளையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இப்போது கால்சைனைத் தட்டினால் தன் வரி மட்டும் வருகிறது. நான் உண்மையிலேயே இழப்பாக நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

இதழ்கள் நின்றுபோனால் போட்டிகளும் நின்றுபோகுமா?

நிற்கவில்லை என்பதை இப்போது கண்ணால் பார்க்கிறோம். 'ஹாம் ரேடியோ' இதழ் 1990-இல் முடிந்தது. வேய்ன் கிரீன் 1960-இல் தொடங்கிய '73' 2003-இல் முடிந்தது. சிக்யூவே 2023 இறுதியோடு நின்றுவிட்டது. 2024 முதல் க்யூஎஸ்டியின் அச்சுப்படி வேண்டும் என்றால் லீக் உறுப்பினர் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ஆனாலும் சிக்யூவின் பெயர் தாங்கிய போட்டிகள் நடக்கின்றன. லாகைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் அங்கேயே இருக்கிறார்கள். 2009-இல் உருவான வேர்ல்டு வைடு ரேடியோ ஆபரேட்டர்ஸ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பு தோள்கொடுக்கிறது. 75 ஆண்டுக்கு மேல் ஓர் இதழ் கட்டிக்காத்த பழக்கம், இதழ் போனபின்பும் அக்டோபர் கடைசியில் உலகத்தை ரேடியோ முன் உட்கார வைக்கிறது.

எண்களுக்குப் பஞ்சமில்லை, கதைக்குத்தான் பஞ்சம். முடிவுப் பட்டியலுக்கு முன்னால் வரும் அந்த நான்கு பக்கக் கட்டுரையை, யார் எந்தத் தீவுக்குப் போனார், எந்தப் பேண்டு எந்த நேரத்தில் திறந்தது, முதலிடம் எந்த மணியில் கைமாறியது என்று பொறுமையாக எழுதியதை, அதே தரத்தில் ஆண்டுதோறும் எழுத ஆள் வேண்டும்.

எங்கள் கழகம் ஒரு சிறு இதழ் நடத்துகிறது. போட்டிக்கு என்ன இடம் தரலாம்?

ஒரு பக்கம் போதும். அடுத்த இரண்டு மாதப் போட்டிகளில் புதியவர் ஆடக்கூடிய இரண்டைத் தேர்ந்தெடுத்து, நேரம், பேண்டு, பரிமாற்றம் மூன்றையும் தெளிவாகப் போடுங்கள். போன போட்டியில் கழகத்தார் எடுத்த எண்களைப் பேண்டு வாரியாக அச்சிடுங்கள், குறைந்தவரை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு வரி அனுபவம் கேட்டு வாங்குங்கள். பழைய இதழ்களில் 'சோப்பாக்ஸ்' என்ற பெயரில் வந்த இந்தத் துண்டுக் குறிப்புகளைத்தான் பலரும் முதலில் படிப்பார்கள்.

பழைய இதழ்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

இடம் இல்லையென்றால் போட்டி முடிவுகள் வந்த மாதங்களையும் ஆன்டெனா கட்டுரைகள் உள்ளவற்றையும் முதலில் காப்பாற்றுங்கள். ஈரமில்லாத இடத்தில், வெயில் படாமல், நிமிர்த்தி வையுங்கள். க்யூஎஸ்டி பிரதிகளை லீக் உறுப்பினர்கள் மின்வடிவில் படிக்க முடிவதால் அவை போனாலும் மீட்கலாம். கழகங்களின் சிறு வெளியீடுகள் வேறு எங்கும் இருக்காது, அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

நான் ஒரு போட்டியில் 50 தொடர்புதான் எடுத்தேன். லாகை அனுப்பலாமா?

அவசியம் அனுப்புங்கள். உங்கள் லாகில் உள்ள 50 வரிகளும் வேறு 50 பேருடைய லாகைச் சரிபார்க்க உதவும். முதலிடத்துக்குப் போட்டியிடும் இரண்டு பேரில் ஒருவர் உங்கள் கால்சைனைத் தவறாக எழுதியிருந்தால், அது உங்கள் லாக் இருந்தால்தான் பிடிபடும். பட்டியலில் உங்கள் பகுதியின் பெயருக்குக் கீழே ஒரு வரியும் சேரும். பழைய இதழ் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 50 தொடர்போடு லாக் அனுப்பியவர்களின் வரிகளும் வெற்றி பெற்றவரின் வரிக்குக் கீழே அதே எழுத்தளவில் இருக்கும்.